எந்தக் கிழமைக்குக் கேக்குற?

போன மாசம் ஒரு கல்லூரிப் பையன் கையில் படிவத்தோடு எங்கள் ஊர் வேப்பமரத்தடிக்கு வந்தான். "பாட்டி, அரை மணிக்கு ஒரு பஸ் விட்டா எவ்வளவு வரைக்கும் குடுப்பீங்க?" அம்மா திருப்பிக் கேட்டாள்: "எந்தக் கிழமைக்குக் கேக்குற?" பையன் முழித்தான். எனக்குப் புரிந்தது.

அம்மா கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கியவள். 1997-இல் மினி பஸ் திட்டம் வந்து, அப்புறம் எங்கள் ரோட்டிலும் ஒன்று ஓடியது. அம்மா அதில் ஏறுவது சனிக்கிழமை மட்டும். அன்றைக்குத்தான் சம்பளம். மற்ற நாளெல்லாம் தூக்குச்சட்டியோடு ஓடைக்கரை வழியாக நாலு கிலோமீட்டர் நடை. பஸ் தாண்டும்போது கண்டக்டர் கை நீட்டிக் கூப்பிடுவார். அம்மா முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நீ போய்யா" என்பாள்.

2018 ஜனவரியில் டவுன் பஸ்சில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ஆனது. போராட்டம் நடந்து சில நாளில் 4 ஆக இறக்கினார்கள். அம்மா ஒரு வாரம் திட்டினாள், அப்புறம் பேசாமல் கொடுத்தாள். அதற்குள் முட்டி தேய்ந்திருந்தது.

2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதோடு அவள் கணக்கே மாறிவிட்டது. நாலு ரூபாயை முணுமுணுக்காமல் கொடுத்தவளுக்கு இப்போது தனியார் மினி பஸ்சின் பத்து ரூபாய் கொள்ளையாகத் தெரிகிறது. வெயிலில் ஒரு மணி நேரம் அரசு பஸ்சுக்குக் காத்திருப்பாள். "காசு குடுத்தா போகணும்?" சும்மா கிடைப்பதை ஒரு தடவை ருசி பார்த்துவிட்டால் பத்து ரூபாயும் பாரம்தான். அவளைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான்.

ஆனால் அரிசிப் பையோ மழையோ இருந்தால் ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய், பேச்சே இல்லை. நேற்று வெறும் வயிற்றில் சர்க்கரை டெஸ்ட். பஸ் வரவில்லை. கொத்தமல்லிக் கட்டுக்கு மல்லுக்கு நிற்கிறவள், ஆட்டோக்காரர் கேட்ட 150 ரூபாயை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். திரும்பும்போது அரசு பஸ். வீட்டில் முந்தானையை அவிழ்த்து அந்த இலவச டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள்.

"போறதுக்கு 150, வாறதுக்குச் சும்மா. சராசரி பாத்தா 75 ரூபாதான்யா."