பச்சை மியூராவும் நீலக் கிரேயான் எண்ணும்

இத்தாலியின் மோடெனா நகருக்கு வெளியே, பழைய இத்தாலியக் கார்களை மட்டும் பிரித்துப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் தகட்டு வேலை பார்த்தேன். அதன் பிறகு, ஏலத்துக்குப் போகவிருக்கும் கார்களின் ஆவணங்களைத் தேடிச் சேர்த்து, காரில் இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு எங்களிடம் வந்த ஒரு லம்போர்கினி மியூராவைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இந்தத் தொழிலில் நான் கற்றவற்றில் பாதியை அந்த ஒரு கார்தான் கற்றுக் கொடுத்தது.

அது பி400 எஸ் வகை. கண்ணைப் பறிக்கும் சிவப்பு. 1980களின் இறுதியில் வேறொரு பட்டறையில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஃபெராரி நிறுவனத்தை உருவாக்கிய என்சோ ஃபெராரி 1988 ஆகஸ்டில் காலமானதைத் தொடர்ந்து பழைய இத்தாலியக் கார்களின் விலை வெறிபிடித்தாற்போல் ஏறி, 1990க்குப் பிறகு அதே வேகத்தில் சரிந்தது. அந்த ஏற்றத்தின்போது, விரைவில் விற்க வேண்டும் என்பதற்காகவே எத்தனையோ கார்கள் அவசர அவசரமாகச் சிவப்பு பூசப்பட்டன. எங்களிடம் வந்ததும் அப்படி ஒன்றுதான். இதை ஏலத்தில் விட்டால் என்ன விலை வரும், அதற்கு முன் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்பவை மட்டுமே உரிமையாளரின் கேள்விகள்.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர், உடலில் பட்டி எவ்வளவு பூசியிருக்கிறது என்று பார்க்க ஒரு சிறு காந்தத்தை முன்பக்க மூடியில் வைத்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. மூடி முழுவதும் பட்டிதான் என்று அவர் பதறிவிட்டார். மியூராவில் முன்மூடியும் பின்மூடியும் அலுமினியம். கதவுகளுக்கு இடைப்பட்ட நடுப்பகுதி இரும்புத் தகடு. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதால், இவ்வகைக் கார்களுக்கு மின்சுழல் முறையில் பூச்சின் தடிமனை அளக்கும் கருவி தேவை. அதை வைத்துப் பார்த்தபோது, நூறு இருநூறு மைக்ரான் இருக்க வேண்டிய பூச்சு பல இடங்களில் தொள்ளாயிரத்தைத் தாண்டியது. வலப்பக்கச் சக்கர வளைவின் மேல் ஓர் இடத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கும் அதிகம். இரும்பும் அலுமினியமும் சந்திக்கும் விளிம்புகளில் ஈரம் புகுந்தால் அலுமினியம் வெண்பொடியாக அரித்துப்போகும். அந்த அரிப்பைச் சரிசெய்யாமல் பட்டியால் மூடி, மேலே சிவப்பு பூசியிருந்தார்கள்.

இந்த வகைக் காரை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். 1966இல் ஜெனீவா கண்காட்சியில் மியூரா அறிமுகமானது. ஜான்பாவ்லோ தல்லாராவும் பாவ்லோ ஸ்டான்சானியும் 3.9 லிட்டர், 12 சிலிண்டர் இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் குறுக்குவாட்டில் வைத்து அமைத்த அந்தக் காருக்கு, பெர்டோனே நிறுவனத்தில் பணியாற்றிய மார்செல்லோ கந்தீனி உருவம் கொடுத்தார். எடை குறைப்பதற்காகத் துளைகள் இட்ட தகட்டுச் சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், மோடெனாவில் மார்க்கேசி பட்டறையில் உருவாகும். அது தூரின் பக்கத்துக்குப் போய் பெர்டோனேயில் உடலையும் வண்ணத்தையும் பெறும். பிறகு சாந்தாகதா போலோஞேசேயில் உள்ள லம்போர்கினி தொழிற்சாலைக்குத் திரும்பி இன்ஜினைப் பெறும். முதல் வகையில் 275, எஸ் வகையில் 338, எஸ்வி வகையில் 150 என்று ஏறத்தாழ 760 கார்கள்தான் செய்யப்பட்டன. விலையும் அந்த வரிசையிலேயே ஏறும். 2020இல் லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நடந்த ஏலத்தில் ஓர் எஸ்வி 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

இப்படி ஒரு கார் மூன்று இடங்களில் கைமாறி உருவானதால், ஒவ்வொரு இடத்துத் தொழிலாளியும் தனக்காக ஒரு குறிப்பை எழுதி வைத்திருப்பார். இடப்பக்கக் கதவின் உள்பலகையைக் கழற்றியபோது அதன் பின்புறத்தில் நீல மெழுகுக் கிரேயானில் எழுதிய ஓர் எண் இருந்தது. பெர்டோனேயில் யாரோ ஒருவர், பலகை வேறு காருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அவசரமாகக் கிறுக்கியது. கடைசி இலக்கத்தின் வால் பலகையின் ஓரம் வரை இழுபட்டிருந்தது. அந்த எண் காரின் உடல் எண்ணோடு சரியாகப் பொருந்தியது. அதே கதவின் உட்புறத்தில், முந்தைய பட்டறையின் சிவப்பு எட்டாத ஓர் உள்ளங்கையளவு இடத்தில், மங்காத பச்சை தெரிந்தது. எங்கள் பட்டறையின் மூத்த தகட்டுத் தொழிலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இனி அந்தக் கதவின் பக்கம் யாரும் தின்னர் துணியோடு போகக் கூடாது என்று மட்டும் சொன்னார். தன் பழைய கார்களின் ஆவணங்களைக் காக்க லம்போர்கினி 2015இல் தொடங்கிய போலோ ஸ்டோரிகோ பிரிவின் பதிவேடுகளிலும் அந்தச் சேசிஸ் எண்ணுக்கு நேரே பச்சைதான் பதிவாகியிருந்தது.

கவலை வேறோர் இடத்தில் காத்திருந்தது. முந்தைய பட்டறை இன்ஜினைப் பளபளப்பாக்கும் ஆர்வத்தில், எண் பொறித்த பகுதியையும் சேர்த்துத் தேய்த்திருந்தது. இலக்கங்கள் படிக்கக் கூடியவையாகவே இருந்தன. ஆனால் அச்சு அடித்தபோது உலோகம் பிதுங்கி எழும் மெல்லிய விளிம்புகளும், வார்ப்பின் இயல்பான சொரசொரப்பும் போய்விட்டிருந்தன. எண் உண்மையானதா, பிற்காலத்தில் வேறொரு இன்ஜினில் மறுபடி அடிக்கப்பட்டதா என்று ஒரு வல்லுநர் அந்த விளிம்புகளையும் சொரசொரப்பையும் வைத்துத்தான் தீர்மானிப்பார். அவை இல்லாவிட்டால், உண்மையான எண்ணையும் ஐயத்தோடுதான் பார்ப்பார். சேசிஸ், இன்ஜின், உடல் ஆகியவை பிறந்தபோது இருந்தபடியே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன என்பதற்குத்தான் ஏலத்தில் பெரும் பணம் கொடுக்கிறார்கள். அந்தச் சான்றை ஒருவர் கம்பித் தூரிகையால் அரை மணி நேரத்தில் அழித்துவிட்டார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. தீய எண்ணத்தோடு அவர் செய்யவில்லை. சுத்தம் செய்வது நல்ல வேலை என்றுதான் நம்பியிருப்பார்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு ரசீது. காரோடு வந்த கையேட்டு உறையின் மடிப்புக்குள், கிளட்ச் மாற்றியதற்கான 1970களின் ரசீது ஒன்று நாலாக மடித்துக் கிடந்தது. அதில் சேசிஸ் எண்ணோடு இன்ஜின் எண்ணையும் மெக்கானிக் எழுதியிருந்தார். காரில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றே. தேய்ந்த அச்சுக்கு அது முழு ஈடாகாது என்றாலும், ஏலப் பட்டியலில் நேர்மையாக எழுதுவதற்கு அது போதுமானதாக இருந்தது. தேய்ந்திருப்பதையும் ரசீது கிடைத்ததையும் இரண்டு வரிகளில் அப்படியே எழுத வேண்டும் என்று உரிமையாளரிடம் வற்புறுத்தினேன். அவர் முதலில் தயங்கினார். வாங்குபவர் அனுப்பும் வல்லுநர் அதை எப்படியும் கண்டுபிடிப்பார்; அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நாம் சொல்லிவிட்டால் மற்றவற்றையும் நம்புவார் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

சான்றுக்கு எவ்வளவு விலை என்பதை நம்ப முடியாதவர்கள் கலிபோர்னியாவின் மோன்டெரேயில் 2023 ஆகஸ்டில் நடந்த ஏலத்தைப் பார்க்கலாம். 1954ஆம் ஆண்டின் ஃபெராரி 500 மோண்டியால் ஒன்று அங்கே 18 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு விற்றது. அதைக் கார் என்று சொல்வதற்கே துணிவு வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் மோதி எரிந்துபோய், கசங்கிய தகரக் குவியலாகக் கிடந்தது. ஆனாலும் அது 0406 என்ற சேசிஸ் எண்ணுக்கு உரியது என்பதில் ஐயம் இல்லை. (அந்நாளில் ஃபெராரி பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண்ணும் சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண்ணும் இடும் வழக்கம் இருந்தது, எண்ணைப் பார்த்தவுடனே எங்களைப் போன்றவர்கள் நிமிர்ந்து உட்காருவதற்கு அதுவே காரணம்.) 2015இல் பாரிஸில் ஆர்க்யூரியால் நிறுவனம் நடத்திய ஏலத்தில், பிரான்சின் ஒரு பண்ணைக் கொட்டகையில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர், படிந்த தூசியோடு 1 கோடியே 62 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. நடிகர் அலென் தெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த கார் அது என்பதும் விலையை உயர்த்தியது. 2017இல் ஃபெராரியின் ஊரான மரனெல்லோவில், ஜப்பானில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்த அலுமினிய உடல் ஃபெராரி டேடோனாவைக் கழுவாமலேயே மேடை ஏற்றி, 18 லட்சத்து 7 ஆயிரம் யூரோவுக்கு விற்றார்கள். இவை எல்லாவற்றிலும் வாங்கியவர்களுக்கு முன்னால் யாரும் கை வைக்காத உலோகம் இருந்தது.

அதற்காக, எதையும் தொடாமல் விற்பதே அறிவு என்று நான் சொல்லவில்லை. மியூராவின் வெபர் கார்புரேட்டர்களில் வழியும் பெட்ரோல் இன்ஜின் மேலேயே தேங்கி, பொறி பட்டுத் தீப்பிடித்த கார்கள் ஏராளம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். முதல் இரண்டு வகைகளிலும் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் பொதுவாக ஒரே எண்ணெய் என்பதால், கியரில் தேயும் உலோகத் துகள் இன்ஜினின் பேரிங்குகள் வரை சுற்றி வரும். இவற்றைச் சரிசெய்யாமல் ஒருவரிடம் சாவியைக் கொடுப்பது குற்றம். ஆகவே குழாய்களை மாற்றினோம்; தேங்கும் பெட்ரோல் வெளியேற வழி செய்தோம்; இன்ஜினைப் பிரித்துப் பேரிங்குகளைப் புதிதாக்கினோம். கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் சீட்டு ஒட்டி ஒரு மரப்பெட்டியில் அடுக்கினோம். அந்தப் பெட்டி காரோடு விற்பனைக்குப் போனது. பேரிங்கு வேலையைத் தவிர, நான்கு திருகாணிகளைக் கழற்றினால் பழையபடி மாற்றிவிடலாம் என்ற அளவில்தான் இந்தத் திருத்தங்கள் இருந்தன.

உடலைப் பச்சைக்குத் திருப்பப் பதினோரு மாதம் ஆயிற்று. கதவின் உட்புறத்து உள்ளங்கையளவு இடத்தை மட்டும் மூடாமல் விட்டோம். இருக்கைகளின் தோல் வெடித்திருந்தது. புதுத்தோல் போடும் எண்ணத்தை நான் எதிர்த்தேன். எண்ணெய் பூசி மென்மையாக்கி, பிரிந்த தையலை மட்டும் பழைய ஊசித் துளைகளிலேயே தைக்கச் செய்தோம்.

விலை மதிப்பிடும்போது பலர் தவறுவது ஏல முடிவுகளைப் படிப்பதில்தான். அச்சில் வரும் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். அமெரிக்காவின் பெரிய ஏலங்கள் சிலவற்றில் முதல் இரண்டரை லட்சம் டாலருக்கு 12 சதவீதமும், அதற்கு மேல் 10 சதவீதமும் வழக்கமாக இருந்தது. அந்தக் கணக்கில், சுத்தியல் 10 லட்சத்தில் விழுந்தால் வாங்குபவர் 11 லட்சத்து 5 ஆயிரம் கட்டுவார். விற்பவருக்கோ அந்தப் 10 லட்சத்திலிருந்தும் தரகு கழிந்த பிறகுதான் பணம் வரும். இதற்குக் கீழே விற்பதில்லை என்று ரகசியமாக நிர்ணயித்த ரிசர்வ் விலையை எட்டாமல் கார் மேடையிலிருந்து இறங்கிவிட்டால், அதைப் பார்த்த எல்லோருக்கும் அதன் வரம்பு தெரிந்துவிடும். அடுத்த ஓராண்டுக்கு அந்தக் காரை விற்பது கடினம். அதனால் ரிசர்வைத் தாழ்வாக வைக்கச் சொன்னோம்.

ஏலத்துக்கு முந்தைய நாள் பார்வையிடலின்போது ஏறத்தாழ எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் காரைச் சுற்றி வந்தார். பெயின்ட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இருக்கையில் அமர்ந்து, வெடித்த தோலைக் கட்டைவிரலால் வருடிப் பார்த்தார். பட்டியலில் இன்ஜின் எண்ணைப் பற்றிய அந்த இரண்டு வரிகளைத் தொட்டுக் காட்டி, ரசீதைக் கேட்டு வாங்கி, விளக்கொளியில் பிடித்து நிதானமாகப் படித்தார். பிறகு கதவின் உள்பலகையைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டார். நான் சட்டைப் பையிலிருந்த பிளாஸ்டிக் நெம்பியை எடுத்து மூன்று கிளிப்புகளை விடுவித்து, பலகையைச் சற்றே சாய்த்துப் பிடித்தேன். அவர் குனிந்து, அந்த நீலக் கிரேயான் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்தார்.