ஒரு தடவைக்கு ஒரு குறை

சாஸ் பதமாக வர எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதைச் சந்தையில் ஒரு கரண்டி ருசி பார்க்கக் கொடுப்பதற்கு ஐந்து மாதம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் பாதி மறந்துபோகும்.

நான் செய்வது மிளகாய்ப் பூண்டு சாஸ். ஒரு முறை காய்ச்சினால் 30 பாட்டில் வரும். தொழில் பதிவு, தண்ணீர்ப் பரிசோதனை, சமையலறைச் சோதனை மூன்றும் சுலபமாகவே முடிந்தன. சோதனைக்கு வந்த அம்மையார் குளிர்பெட்டிக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார், கைகழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று பார்த்தார், வீட்டில் பூனை உண்டா என்று கேட்டார். பத்தே நிமிடம். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்திருக்கக் கூடாது.

முதல் அடி அமிலத்தில் விழுந்தது. குளிர்பெட்டிக்கு வெளியே வைத்து விற்கிற இந்த மாதிரி சாஸுக்கு பி.எச். அளவு 4.6-ஐத் தாண்டக் கூடாது. பி.எச். என்பது அமிலத்தைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடும். பூண்டு மண்ணுக்குள் விளைவது. பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகளும் மண்ணில் இருப்பவை. அந்த வித்துகள் கொதிநீரிலும் சாகாது. அமிலம் போதாத சாஸைக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கலாம். முகர்ந்து பார்த்தோ ருசித்துப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பிவிட முடியாது. அதனால்தான் வினிகர், அதனால்தான் அளவு.

அளக்க முதலில் வாங்கியது தாள். நனைத்தால் நிறம் மாறும், அட்டையில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட வேண்டும். என் சாஸ் ரத்தச் சிவப்பு. தாளும் சிவந்தது. அமிலத்தால் சிவந்ததா, மிளகாயால் சிவந்ததா? அட்டையை வெயிலில் பிடித்தும் விளக்கடியில் பிடித்தும் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டேன். நிறமுள்ள எதைச் செய்தாலும் தாளில் காசைப் போடாதீர்கள்; நேராக மீட்டர் வாங்குங்கள்.

மீட்டர் வாங்கினேன். 3.8 காட்டியது, சந்தோஷம். மூன்று வாரம் கழித்து அதே அளவில், அதே வினிகரில் காய்ச்சிய சாஸுக்கு 4.9 காட்டியது. பயந்துபோய் 30 பாட்டிலையும் கொட்டினேன். ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டுகையில் வீடு முழுக்க நெடி. கண்ணில் நீர் வந்ததற்கு மிளகாய் மட்டும் காரணமில்லை. மறுநாள்தான் கையேட்டைப் படித்தேன். மீட்டரின் முனையைக் காய விடக் கூடாதாம், அதற்கென்று உள்ள திரவத்தில் ஊறவைக்க வேண்டுமாம். நானோ பளபளவென்று துடைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். அளக்கும் ஒவ்வொரு நாளும் 4, 7 என்று அளவு தெரிந்த இரண்டு கரைசல்களில் முக்கிச் சரிபார்க்க வேண்டும், அதையும் செய்யவில்லை. ஒரு பாட்டிலாவது மிச்சம் வைத்திருந்தால் மறுபடி அளந்து பார்த்திருக்கலாம்.

இன்னொன்று: பூண்டைத் துண்டாகப் போடுகிறவர்கள் மேலே நிற்கிற சாற்றை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். வினிகர் துண்டின் நடுப்பகுதிவரை இறங்க நேரம் பிடிக்கும். ஒரு நாள் விட்டு, துண்டுகளோடு சேர்த்து அரைத்து, ஆறிய பிறகு அளப்பதே சரி. இதைச் சொல்லிக்கொடுத்தது ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு பெண். அந்த இடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது. ஏனென்றால் முதல் தடவை கொண்டுபோன இரண்டு பாட்டில்களையும் அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்தத் தடவை காய்ச்சியது என்று காட்டும் பேட்ச் எண் இல்லையாம். "கையால் எழுதித் தருகிறேனே" என்றேன். "நீங்கள் இங்கே நின்று எழுதினால் எதை வேண்டுமானாலும் எழுதலாமே" என்றார். நியாயம்தான். ஆனாலும் ஒரு நாள் போயிற்று.

இரண்டாம் முறை எண்ணோடு போனேன். அறிக்கை வந்தது: 3.8. அதை எடுத்துக்கொண்டு உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு ஓடினேன்.

அங்கே இருந்த எழுத்தரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்தவில்லை, காக்கவைக்கவும் இல்லை. முதல் தவறைக் கண்டதும் கோப்பை மூடிவிடுவார், அவ்வளவுதான். ஆய்வறிக்கையில் 'மிளகாய் சாஸ்' என்று இருந்தது, விண்ணப்பத்தில் 'மிளகாய்ப் பூண்டு சாஸ்'. "இரண்டும் வேறு வேறு பொருள்" என்று சொல்லிக் கோப்பை மூடினார். பெயரைத் திருத்தித் தர ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு வாரம் பிடித்தது. திரும்பிப் போனேன். லேபிளைப் பார்த்தார். மூலப்பொருள்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்த வேண்டும். நான் பெருமைக்காகப் பூண்டை முதலில் போட்டிருந்தேன். மூடினார். மறுபடி அச்சடித்துக்கொண்டு போனேன். இப்போது விரல் 'சோயா சாஸ்' என்ற சொல்லில் நின்றது. "இது எதனால் ஆனது?" கடையில் வாங்கியது என்றேன். "அந்த பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?" தெரியவில்லை. மூடினார்.

இந்த மூன்று குறைகளும் முதல் நாளே அந்தக் கோப்புக்குள் இருந்தவை. ஒரே நாளில் சொல்லியிருந்தால் ஒரே அச்சுச் செலவோடு போயிருக்கும். கேட்டேன். "முதல் குறை சரியானால்தானே அடுத்ததைப் பார்க்க முடியும்?" என்றார், நான் ஏதோ புரியாமல் கேட்கிறேன் என்பது போல. நான்காவது முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, தவறு கண்ணில் பட்டாலும் நிறுத்தாமல் கடைசிவரை படித்துவிடுங்கள், நான் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன்" என்று நோட்டைத் திறந்தேன். படித்தார். ஒரு குறையும் இல்லை. முத்திரை விழுந்தது. இந்த வழி எனக்கு முதல் நாளே தோன்றியிருக்கக் கூடாதா!

பூண்டு எண்ணெய் என்று இன்னொரு பொருளும் மனதில் இருந்தது. அதைக் கேட்டதும் உள்ளே இருந்த அலுவலரே எழுந்து வந்துவிட்டார். பச்சைப் பூண்டை எண்ணெயில் அமிழ்த்தி வெளியே வைப்பது மேலே சொன்ன கிருமிக்குப் பாய் விரிப்பது: காற்று இல்லை, அமிலம் இல்லை. அந்த யோசனையை அங்கேயே விட்டேன்.

சந்தையில் விற்க ஒரு அனுமதி, ருசி பார்க்கத் தர இன்னொரு அனுமதி. இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ருசிக்குக் கொடுப்பதென்றால் மேசையருகே கைகழுவ ஏற்பாடு வேண்டும். குழாய் வைத்த தண்ணீர்க் கேன், சோப்பு, காகிதத் துண்டு, கழிவுநீருக்கு வாளி எல்லாம் கொண்டுபோனேன். மேற்பார்வையாளர் வந்து குழாயை அழுத்தினார்; தண்ணீர் வந்தது. விரலை எடுத்தார், நின்றது. "ஒரு கை இதை அழுத்திக்கொண்டிருந்தால் இரண்டு கையையும் எப்படிக் கழுவுவீர்கள்?" திருகினால் திறந்தபடி நிற்கும் குழாயாக இருக்க வேண்டுமாம். அன்றைக்கு மூடிய பாட்டில்களை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு விற்றன, இரண்டும் உறவினர்களுக்கு.

அடுத்த வாரம் சரியான குழாயோடு போனேன். சாஸை வெறும் கரண்டியில் கொடுத்தேன். பெரிய தவறு. முதல் ஆள் இருமத் தொடங்கியதும் வரிசையில் நின்ற நான்கு பேர் நழுவினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து வெள்ளரித் துண்டின் மேல் ஒரு சொட்டு. வெட்டிய வெள்ளரியை ஐஸ் பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும், வெப்பமானியும் உள்ளே இருக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். கேட்டார்கள், காட்டினேன்.

அன்று ஒரு பெண் சிறுவனோடு வந்தார். பையன் கையை நீட்டிவிட்டான். "இதில் கோதுமை இருக்கிறதா?" என்று கேட்டார். சாஸில் ஏது கோதுமை என்று வாய்வரை வந்துவிட்டது. பழக்கத்தில் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்: 'சோயா சாஸ் (தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு)'. "இருக்கிறது அம்மா, வேண்டாம்" என்றேன். அவர் துண்டைப் பையன் கையிலிருந்து வாங்கி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு நிமிடம் நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அந்த எழுத்தரை மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். இப்போதும் முதல் இரண்டு நடைக்காகத் திட்டுகிறேன். மூன்றாவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அன்று 17 பாட்டில் போயிற்று. மேசையை மடிக்கும்போது மேற்பார்வையாளர் அடுத்த பருவத்துக்கான அனுமதிச் சீட்டைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்துதான் பிரித்துப் பார்த்தேன். பொருளின் பெயர்: 'மிளகாய் சாஸ்'. திங்கட்கிழமை விடுப்புச் சொல்லியிருக்கிறேன்.