கம்பளிக்குள் இருக்கும் தும்மல்

ஏசி, ஹீட்டர் காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாயை (டக்ட்) சுத்தம் செய்தால் அலர்ஜி போய்விடும் என்பது குழாய் வைத்த வீடுகளுக்கே முழு உண்மை இல்லை. டக்ட் க்ளீனிங் நோயைத் தடுக்கிறது என்று இதுவரை நிரூபணம் ஆனதில்லை என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் டக்டே கிடையாது. இங்கே கம்பளி, மெத்தை, ஓதம் ஏறிய சுவர், இந்த மூன்றையும் கவனித்தாலே பாதித் தும்மல் நிற்கும்.

கம்பளியிலும் மெத்தையிலும் வாழ்ந்து தும்மல் வரவைக்கும் தூசி உண்ணி என்ற சிற்றுயிர் கண்ணுக்கு எட்டாது. நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். தண்ணீர் குடிக்காது, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே பல நாள் நின்றால் வற்றிச் சாகும். 70, 80 என்றால் அதற்குக் கொண்டாட்டம். நமக்கு ஆகாதது முக்கியமாக அதன் எச்சம். அதனால் உண்ணியைக் கொன்றால் மட்டும் போதாது, எச்சத்தையும் துவைத்து வெளியேற்ற வேண்டும். தலையணையில் நாலு சொட்டு நீலகிரித் தைலம் விடுவது வாசனைக்குத்தான்.

போர்வை, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். கம்பளியை அப்படித் துவைத்தால் சுருங்கி, குழந்தைக்குத்தான் ஆகும். அதைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு நாள் வையுங்கள். உண்ணி செத்துவிடும். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசினால் எச்சம் பெரும்பாலும் கரைந்து போகும். வெயிலில் போட்டுத் தட்டுவது மட்டும் என்றால், தட்டுகிறவர் மூக்குக்குத்தான் கேடு. பெரிய துவைப்பையெல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் துவைத்த கம்பளி காய்வதற்குள் பூசண வாடை வந்துவிடும்.

மெத்தைக்கு நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை போடுங்கள். ஜிப் முடிகிற மூலையில்தான் தூசி கசியும். அங்கே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது ஈரம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டரை ஜன்னலோரம் வைக்காமல் கட்டிலருகே வையுங்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். 14.2 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் 20 லிட்டருக்கு மேல் வீட்டுக்குள் விட்டிருப்போம். குளிருக்குப் பயந்து சமையலறை ஜன்னலைச் சாத்துகிற வீட்டில் அது எங்கே போகும்? பீரோவுக்குப் பின்னால் இருக்கும் குளிர்ந்த சுவரில் வியர்க்கும். பீரோவை வெளிச்சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி வையுங்கள்.

வெளியே 10 டிகிரி குளிரும் 90 சதவீத ஈரமும் இருந்தாலும், அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 50-க்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவிட்டு, பிறகு ஹீட்டர் போடலாம். சூடாக்காத அறைக்கு இந்தக் கணக்கு செல்லாது.

சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் மேட்டுப்பக்கச் சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். மண் சுவரோடு ஒட்டியிருந்தால் எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் உரியும். தரை மட்டத்துக்கும் அரை அடி கீழே வரை மண்ணை எடுத்து, வெளியே வாய்க்கால் விட வேண்டும். அதற்குப் பிறகுதான் பூசணத்தில் கை வைக்கலாம். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் அதன் விதைத்தூள் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்ட் அடியுங்கள்.

குளிர்காயும் அடுப்புக்கான சீகை (வாட்டில்), கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகை வீட்டுக்குள் அடுக்காதீர்கள். ஈர விறகு பூசணத்தைக் கூட்டிக்கொண்டு வரும், புகைபோக்கிக்குள் தாரும் படியும். மூடிய அறையில் கரிச்சட்டி வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு தும்மல்கூட வரவைக்காமல் ஆளைக் கொன்றுவிடும்.