சொல்ல நாலு மாதம், கிளம்ப ஒரு நாள்

வேலை வேறு ஊரில் கிடைத்துப் பெற்றோர் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை. அவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்கு அப்படி ஒரு சாக்கு கிடைக்கவில்லை. அலுவலகம் வீட்டிலிருந்து 40 நிமிடம். எனக்கென்று தனி அறை இருந்தது. வீட்டில் சண்டை எதுவும் கிடையாது. இருந்தும் 26 வயதில் தனியாகப் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எப்போது தோன்றியது என்று சரியாகச் சொல்ல முடியும். அப்பாவும் அம்மாவும் 3 நாள் வெளியூர் போயிருந்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி வீட்டில் பாதி இடத்தில் கரண்ட் போய்விட்டது. ஹாலில் விளக்கு எரிகிறது, சமையலறையிலும் என் அறையிலும் இல்லை. அப்பாவுக்கு போன் செய்தேன். "ஸ்விட்ச் போர்டுல எது கீழ விழுந்திருக்குன்னு பாரு" என்றார். மெயின் போர்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் ஒரு நொடி பேசவில்லை. பிறந்ததிலிருந்து அதே வீட்டில் இருக்கிறேன். ஷூ ஸ்டாண்டுக்கு மேலே, தினமும் தலைக்கு நேராக இருக்கிற பெட்டி அது.

சரி, இனிப் போகலாம் என்று முடிவு செய்தாலும் வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. நாலு மாதம் தள்ளிப் போட்டேன். அந்த நாலு மாதத்தில் உருப்படியாக ஒன்று செய்தேன். சம்பளம் வந்த அன்றே, கட்டப்போகும் வாடகை எவ்வளவு இருக்கும் என்று ஒரு தொகையை வைத்து, அதோடு கரண்ட், இன்டர்நெட், சாப்பாட்டுக்கு உத்தேசமாக ஒரு தொகையும் சேர்த்து வேறு கணக்குக்கு மாற்றினேன். மீதியில்தான் மாதத்தை ஓட்ட வேண்டும். முதல் மாதம் சுலபம். இரண்டாம் மாதம் இழுபறி. மூன்றாம் மாதம் 22ஆம் தேதியே அந்தக் கணக்கில் கை வைத்தேன். நான் பார்த்து வைத்திருந்த வாடகை சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி. காகிதத்தில் கணக்குப் போட்டபோது சரியாகத்தான் வந்தது. கையில் நிற்கவில்லை. அதன்பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும் வீடுகளைப் பார்ப்பதையே விட்டேன். ஒத்திகையில் சேர்ந்த பணம் பின்னால் அட்வான்ஸுக்கு உதவியது.

அண்ணன் வேலைக்காக எப்போதோ வெளியே போனவன். அவனிடம்தான் முதலில் சொன்னேன். "காரணம் சொல்லாதடா, தேதி சொல்லு" என்றான். நான் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், ஆபீஸுக்குப் பக்கமாக இருந்தால் அலைச்சல் குறையும் என்று ஆரம்பித்தேன். அப்பா உடனே, "அலைச்சல்தானே, ஒரு வண்டி வாங்கிக்கோ, நான் பாதி தரேன்" என்றார். கொஞ்சம் தனிமை வேண்டும் என்றேன். மாடி அறையை ஒழித்துத் தருவதாக அம்மா சொன்னாள். நான் எடுத்துப் போட்ட காரணம் ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு தீர்வு இருந்தது. அதுவும் நல்ல தீர்வு. கடைசியில் அம்மா கேட்டாள்:

"இங்க உனக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மெயின் போர்டு கதையைச் சொன்னால் சிரித்திருப்பாள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். அண்ணன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. அம்மா இரண்டு நாள் தேவைக்கு மட்டும் பேசினாள். அப்பா மூன்றாம் நாள் பேப்பரை மடித்துக்கொண்டே, "எத்தனையாவது மாடி?" என்று கேட்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் அப்போது மாடியே முடிவாகவில்லை. மொத்தம் 9 வீடு பார்த்தேன். முதல் மூன்றில் சுவரின் நிறத்தையும் ஜன்னல் வழியே தெரிந்த மரத்தையும் பார்த்து மயங்கியதுதான் மிச்சம். நாலாவது வீட்டுக்கு அப்பாவும் வந்தார். ஜன்னல் பக்கமே போகவில்லை. குளியலறைக் குழாயையும் சமையலறைக் குழாயையும் சேர்த்துத் திறந்துவிட்டு நின்றார். ஒன்றில் தண்ணீர் நூலாக வந்தது. ஃப்ளஷை அழுத்திவிட்டு, தொட்டி நிரம்பி சத்தம் நிற்கிறதா என்று காதை வைத்துக் கேட்டார். சிங்க்குக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து மோந்து பார்த்தார். படுக்கையறைச் சுவர் முழுக்கப் பழைய பெயின்ட், ஜன்னலுக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே வந்த பிறகு ஒரே வார்த்தை, "ஓதம்." சுவரில் ஊறிய ஈரத்தை மறைக்கத்தான் அந்தப் புதுப் பெயின்ட்.

அதற்கப்புறம் நானே அப்படிப் பார்க்கப் பழகினேன். என் பங்குக்குச் சேர்த்தது இரண்டு. ஒவ்வொரு அறையிலும் போனில் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்ப்பது. பிடித்த வீட்டை ராத்திரி 9 மணிக்கு மறுபடி போய்ப் பார்ப்பது. பகலில் அமைதியாக இருந்த ஒரு தெரு ராத்திரியில் வேறு தெருவாக இருந்தது. இன்னொரு வீட்டில் எல்லாமே சரியாக இருந்தும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். எதைக் கேட்டாலும் உரிமையாளர் "அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல" என்றார். ரிப்பேர் வந்தால் யார் செலவு என்று கேட்டதற்கும் அதே பதில். இப்படிச் சொல்கிறவரிடம் பிரச்சினை வரும்போது பேச முடியாது என்பது என் அபிப்பிராயம். தவறாகவும் இருக்கலாம்.

கடைசியில் எடுத்தது இரண்டாம் மாடி, ஒரு படுக்கையறை. ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு முறை படித்தேன். காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், வாடகை எப்போது கூடும், ரிப்பேர் யார் பொறுப்பு. இந்த நாலும் எழுத்தில் இருந்தால் பாதிக் கவலை போய்விடும். சாவி வாங்கிய அன்று, சாமான் எதுவும் உள்ளே வருவதற்கு முன்னால், வீடு முழுக்க போட்டோ எடுத்தேன். விரிசல் விட்ட டைல்ஸ், கீறல் விழுந்த கதவு, மூடாத ஜன்னல் கொக்கி என்று மொத்தம் 63. அன்றைக்கே உரிமையாளருக்கும் மெயிலில் அனுப்பினேன். கரண்ட் மீட்டரில் இருந்த எண்ணையும் எடுத்து வைத்திருந்தேன். முதல் பில் வந்தபோது அதுதான் கைகொடுத்தது. முன்னால் இருந்தவர் எரித்த கரண்டும் என் தலையில் விழுந்திருந்தது. போட்டோவைக் காட்டியதும் உரிமையாளர் வாதாடாமல் வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

கிளம்பிய நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகங்களை எல்லாம் இருப்பதிலேயே பெரிய அட்டைப் பெட்டியில் போட்டிருந்தேன். முதல் மாடித் திருப்பத்தில் அதன் அடி பிய்ந்தது. புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி என்று எதிர் வீட்டுக்காரர் படியேறிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். உடனே போட்டுவிடப் போனேன். கூட வந்த நண்பன் தடுத்தான். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்குமாம், நிமிர்த்தி வைத்து அது இறங்கும்வரை விட வேண்டுமாம். மறுநாள் போட்டோம். கட்டிலைக் கழற்றியபோது திருகுகளை ஒரு கவரில் போட்டுக் கட்டில் சட்டத்திலேயே டேப் ஒட்டி வைத்தது மட்டும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் விளக்குமாறு இல்லை என்பது தெரிந்தது. தூசி மேலேயே பெட்டிகளை அடுக்கியிருந்தோம்.

அம்மா தன் பங்குக்கு ஒரு பெட்டி கட்டியிருந்தாள். மற்ற எல்லாப் பெட்டியிலும் நான் பெயர் எழுதியிருந்தேன், அதில் எதுவும் எழுதவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அன்று ராத்திரி போனில், "பெட்டியைப் பிரிச்சியா?" என்று கேட்டாள். பிரித்துவிட்டேன் என்றேன்.

முதல் வாரம் தூக்கம் வரவில்லை. ஃப்ரிட்ஜ் ஓடி நிற்கும்போது ஒரு குலுக்கு, மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம், சுவருக்குள் எங்கோ தண்ணீர் இறங்குவது. பெற்றோர் வீட்டிலும் இதே அளவு சத்தம் இருந்திருக்கும். அங்கே அதைக் கவனிப்பது என் வேலையாக இருந்ததில்லை.

நாலாம் நாள் துவைக்கிற இடத்திலிருந்து சாக்கடை நாற்றம் வந்தது. இரண்டு முறை தேய்த்துக் கழுவினேன், போன மாதிரி இருந்து மறுபடி வந்தது. குழாய் உடைந்திருக்கிறது, ஏமாந்துவிட்டோம் என்றே முடிவு கட்டிவிட்டேன். அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அந்த மூலையில தண்ணி போற வாய் இன்னொண்ணு இருக்கா?"

வாஷிங் மெஷினுக்காக விட்டிருந்த இன்னொரு துவாரம் ஓரத்தில் இருந்தது. என்னிடம் மெஷின் இல்லாததால் அந்தப் பக்கமே போனதில்லை.

"ஒரு பக்கெட் தண்ணி ஊத்து. பத்து நிமிஷம் கழிச்சுச் சொல்லு."

ஊற்றினேன். நாற்றம் நின்றது. தரையில் இருக்கிற அந்த வாய்க்குக் கீழே குழாய் வளைந்திருக்கும், வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், அந்தத் தண்ணீர்தான் கீழே இருக்கும் வாயுவை மேலே வரவிடாமல் அடைக்கும் மூடி. வீடு பல வாரம் பூட்டிக் கிடந்ததில் அது வற்றிப் போயிருந்தது. புழங்காத துவாரத்தில் வாரம் ஒரு முறை ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும். நம் வீட்டில் நாற்றமே வந்ததில்லையே என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மாடி பாத்ரூம்ல யார் தண்ணி ஊத்துறாங்கன்னு நினைச்ச?" என்றார். ஞாயிறு காலை குவளையோடு அவர் மாடிப்படி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். செடிக்கு என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி என் வீட்டு போர்டை ஆராய்ந்தேன். ஒவ்வொரு ஸ்விட்சாகக் கீழே தள்ளுவது, வீடு முழுக்க நடந்து எது அணைந்தது என்று பார்ப்பது, காகிதத்தில் எழுதி ஒட்டுவது. ஹால், படுக்கையறை, சமையலறை, ஹீட்டர். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். "ஃப்ரிட்ஜ் எது?" என்று பதில் வந்தது. மறந்துவிட்டிருந்தேன்.

ஹீட்டர் விஷயமும் அப்போதுதான் புரிந்தது. 2000 வாட் ஹீட்டர் அரை மணி ஓடினால் 1 யூனிட். குளித்து முடித்தும் அணைக்காமல் ஆபீஸ் கிளம்பும் பழக்கம் எனக்கு. பெற்றோர் வீட்டில் எனக்குப் பின்னால் அதை யாரோ அணைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். யார் என்று கேட்கவில்லை.

சமையலில் அளவுதான் பிரச்சினை. கண் பழகியிருந்தது நாலு பேர் பாத்திரத்துக்கு. முதல் மாதம் சமைத்ததில் பாதியை மூன்றாம் நாள் கொட்டினேன். அதைவிட மோசம், பசிக்கும்போது கடைக்குப் போவது. இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் பட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள், விடுங்கள்.

இரண்டாம் மாதம் காய்ச்சல் வந்தது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், கையும் சுட்டது, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நண்பன் தெர்மாமீட்டரோடு வந்தான். கதவைத் திறக்கவே எழுந்து நடக்க முடியவில்லை. தனியாக இருப்பவர்கள் ஒரு மாற்றுச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பது அவசியம் என்று அன்றுதான் பட்டது. மறுவாரமே கொடுத்துவிட்டேன். காய்ச்சல் விட்ட பிறகு அம்மாவிடம் சொன்னேன். வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்னபோதுகூட அப்படித் திட்டவில்லை.

ஆரம்பத்தில் அம்மா ஒரு நாளைக்கு மூன்று முறை கூப்பிடுவாள். எரிச்சலாக இருக்கும், எடுக்காமல் விட்டால் அப்பா எண்ணிலிருந்து வரும். தற்செயலாக ஒரு நாள் அவள் கூப்பிடுவதற்கு முன்னால் நானே, ஆபீஸிலிருந்து நடந்து வரும்போது கூப்பிட்டேன். அன்று வேறு போன் வரவில்லை. அதிலிருந்து அதுதான் பழக்கம். சில நாள் அவளே, "சரி, அடுப்புல வேலை இருக்கு, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறாள்.

நாலாம் மாதம் எதையோ தேடிக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைப் பிரித்தேன். ஊசி நூல், டார்ச், கத்தரிக்கோல், பாதி தீர்ந்த ஒரு தைலம். எல்லாவற்றுக்கும் அடியில் துணியில் சுற்றிய தெர்மாமீட்டர். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

வங்கியிலும் அடையாள அட்டையிலும் முகவரி மாற்றுவதை இழுத்துக்கொண்டே போனேன். கடிதங்கள் இன்னும் பழைய வீட்டுக்குத்தான் வருகின்றன. அப்பா அவற்றைத் தேதி வாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார். போன முறை வாங்கப் போனபோது, என் அறையில் இருந்த மேஜையைத் தான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இழுப்பறையைக் காலி செய்து தருகிறேன் என்றேன். அதில் இருந்ததை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டினேன். வண்டியில் இடமில்லை, பரணில் இருக்கட்டும், அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நான் அன்று நடந்துதான் போயிருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஏணியைக் கொண்டுவந்தார்.