புரட்டாசிச் சனியும் ஒரு பொட்டலமும்

போன புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் பஜனை நடந்துகொண்டிருந்தது. நான் பின்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே திடீரென்று சத்தம் கூடியது. எட்டிப் பார்த்தால், தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த ஆயா கைகால் நடுங்கக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறார். "சாமி வந்திருக்கு" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் கற்பூரத்தோடு ஓடினார்கள்.

கிட்டப் போனதும் எனக்குச் சந்தேகம் வந்தது. ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. டர்பனில் அந்த மாதத்தில் அப்படி வியர்க்காது. முழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் சாமி மலையேறிவிட்டது.

"காலையில மாத்திரை போட்டீங்களா ஆயா?"

"போட்டேன் பேபி. ஒரு நாளும் விடக்கூடாதுன்னு கிளினிக்ல சொன்னாங்களே."

"சாப்பிட்டீங்களா?"

"விரதம் பேபி. தண்ணி மட்டும்."

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளைமெபிரைடு, கூடவே ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. இதில் கிளைமெபிரைடு, வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும், வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். அதனால்தான் அதைச் சாப்பாட்டோடு போடச் சொல்வது. விரத நாளில் அதை என்ன செய்வது என்று டாக்டரையோ பார்மசிஸ்டையோ முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

மாத்திரைப் பெயர்கள் எனக்கு எப்படித் தெரியும்? மதுரையில் பி.பார்ம் படித்தவள் நான். அதைவிட மோசமான காரணம், அந்த மாத்திரைகளின் பொட்டலத்தை வியாழக்கிழமை, நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் அவர் கையில் கொடுத்ததே நான்தான். "விரதம் ஆரம்பிச்சாச்சு பேபி" என்று அவர் சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கோவிந்தா ஆயா" என்றேன், சிரித்தேன், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். லைனில் பத்துப் பேர் நின்றார்கள்.

இங்கே நான் பார்மசிஸ்ட் இல்லை. பட்டம் இந்த நாட்டில் செல்லுபடியாகத் தேர்வு, பயிற்சி என்று பல படி ஏற வேண்டும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னும் முதல் படியிலேயே நிற்கிறேன். அதுவரை கடையின் முன்பக்கம்: விட்டமின், குழந்தைப் பால்மாவு, இருமல் மிட்டாய். அப்புறம் இந்தப் பொட்டலங்கள்.

பொட்டலத் திட்டத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2014-இல் அரசு இதைத் தொடங்குவதற்கு முன்னால், சுகர் மாத்திரைக்காக விடியற்காலையில் ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்த கதையை ஆயாவே சொல்லியிருக்கிறார். இப்போது எங்கோ ஒரு கிடங்கில் பேர் போட்டுக் கட்டி, ஒட்டி, நம் கடைக்கு வந்துவிடுகிறது. எஸ்எம்எஸ் வரும், அடையாள அட்டையைக் காட்டினால் போதும், ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ஒட்டிய பையை நான் பிரிப்பதில்லை. பிரிக்காத பையைப் பற்றிப் பேச்சும் வருவதில்லை.

பேச வேண்டியவர் பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கிறார். ஒரே ஒருவர். இளைஞர், நல்ல பையன். நாலு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, வடக்கே சுலுலாந்துப் பக்கம் ஒரு வருடக் கட்டாய அரசுப்பணி எல்லாம் முடித்துவிட்டு, அரசு வேலை கிடைக்காமல் இங்கே வந்தவர். அவரோடு படித்த சிலர் இன்னும் வீட்டில் இருக்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் ஆள் போதவில்லை, ஆளுக்கோ வேலை இல்லை, நடுவில் பட்ஜெட் இல்லை. 2025 ஏப்ரலில் 1,200 டாக்டர்கள், 200 நர்சுகள், மற்ற சுகாதாரப் பணியாளர்கள் 250 பேரை எடுப்பதாக அமைச்சர் அறிவித்தார். அந்த 'மற்ற'வுக்குள்தான் பார்மசிஸ்ட் இடம் பிடிக்க வேண்டும். நாட்டுக்கே 250!

வேடிக்கை என்னவென்றால், சாப்பாட்டு விஷயத்தில் இந்த நாடு சோம்பேறி இல்லை. 2003-இலிருந்து மக்காச்சோள மாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் விட்டமின் ஏ-யும் சேர்த்தே ஆக வேண்டும். ஆடியில் அம்மனுக்கு நாம் ஊற்றும் கூழில்கூட அது இருக்கிறது (ஊரில் கேழ்வரகு, இங்கே மீலி என்கிற மக்காச்சோள மாவு, அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை). 2016-இலிருந்து பிரெட்டில் உப்புக்கு உச்சவரம்பு. பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) சாப்பிடுகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை, ஆளுக்குக் கால் ரொட்டி உள்ளே போகிறதே! 2018 ஏப்ரலிலிருந்து, குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 4 கிராமைத் தாண்டுகிற ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் வரி.

எல்லாம் ஆலையிலேயே முடிந்துவிடுகிற காரியங்கள். ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்து எதையும் கேட்க வேண்டியதில்லை. 2016-இல் எடுத்த தேசியக் கணக்கில் பெண்களில் 68 சதவீதம் பேருக்கு எடை அதிகம். அதே கணக்கில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 27 சதவீதம் வளர்ச்சி குன்றியவர்கள். பாட்டிக்குக் கூடுதல், பேரனுக்குக் குறைவு என்று ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும்போது, மாவிலும் வரியிலும் பாதிதான் தீரும். மீதிக்கு வாய் திறந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

திங்கட்கிழமை பார்மசிஸ்ட் தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். பொட்டலம் வாங்குகிறவர்களிடம் விரதம் பற்றி நான் கேட்கட்டுமா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அக்கா, பதிவு இல்லாம நீங்க மருந்தைப் பத்திப் பேசினா என் லைசென்ஸ்தான் போகும். என்கிட்ட அனுப்புங்க." எட்டிப் பார்த்தேன். அவர் முன்னால் மருந்துச்சீட்டு மலைபோல் கிடந்தது. சொன்னதில் தப்பில்லை. எத்தனை பேரை அனுப்புவது?

அதனால் மருந்தைப் பற்றி நான் பேசுவதில்லை. அடையாள அட்டையை வாங்கும்போதே, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களைத் தமிழச்சி கேட்கிற கேள்விதானே, இதற்கு எந்தக் கவுன்சிலில் பதிய வேண்டும்? "விரதம்" என்று பதில் வந்தால் மட்டும் கண்ணாடித் தடுப்பைக் கைகாட்டுகிறேன். போன புரட்டாசி முடிவதற்குள் பதினோரு பேரை அப்படி அனுப்பினேன். பதினோராவது ஆளைப் பார்த்ததும் தம்பி என்னை முறைத்தார், ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.