புல் கெண்டை எதைத் தின்னும், எதைத் தொடாது

குளத்தில் களை மண்டினால் எல்லோரும் சொல்லும் வைத்தியம், "நாலு புல் கெண்டையை விடுங்க" என்பதுதான். அது பாதிதான் பலிக்கும். 1959-ல் இந்தியாவுக்கு வந்த இந்தச் சீனத்து மீன், கண்டதையெல்லாம் மேய்கிற ஆடு இல்லை. வேலம்பாசி (ஹைட்ரில்லா) என்றால் உயிர். அசோலாவையும் விடாது. வெங்காயத்தாமரையைப் பட்டினி கிடந்தால்தான் கடிக்கும், அதுவும் வேரை. அல்லி இலைப் பக்கம் அவ்வளவாகப் போகாது.

காரணம் வாயில் இருக்கிறது. தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் சீப்பு மாதிரி வரிவரியாகப் பற்கள். இலை நுனியை உதட்டால் கவ்வி, இழுத்து, உள்ளே வைத்து அறுக்கும். அறுபட்ட இடத்தில் வடியும் சாறுதான் அதற்குச் சத்து. இரைப்பை இல்லை, குடலும் தாவர உண்ணிக்குக் குட்டைதான். அதனால் தின்றதில் ஏறக்குறைய பாதி, செரிக்காமல் பச்சைத் துணுக்குகளாகவே வெளியே வரும். அது குளத்துக்கு நல்ல உரம். மிஞ்சினால் தண்ணீர் கரும்பச்சையாகி, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

ஒரு அங்குலக் குஞ்சு புல் தின்னாது. தண்ணீரில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிரினங்கள்தான் அதன் உணவு. களைக்காக விடுவதானால் ஐந்தாறு அங்குலமாவது வளர்ந்திருக்க வேண்டும். விரால் இருக்கிற குளமென்றால் இன்னும் பெரிதாக.

களை தீர்ந்ததும் நாம்தான் போட வேண்டும். இளம் நேப்பியர் புல் போதும். முற்றிய தண்டைத் துப்பிவிடும். மீன்களின் மொத்த எடையில் கால் பங்கு புல்லில் தொடங்குங்கள்: அரை கிலோ மீன் நூறு இருந்தால் பன்னிரண்டரை கிலோ. நான்கு மூங்கிலைச் சதுரமாகக் கட்டி மிதக்கவிட்டு, புல்லை அதற்குள் போட்டால் காற்றில் கரை ஒதுங்காது. வெயில் ஏறிய பிறகு போடுங்கள்; ஆக்சிஜன் குறைந்த அதிகாலையில் அது சரியாக மேயாது. சாயங்காலம் சட்டத்துக்குள் பாருங்கள். வெறும் தண்டு மிதந்தால் அளவு சரி. இலையும் மிதந்தால் மறுநாள் குறையுங்கள், மிச்சத்தை அள்ளிவிடுங்கள்; அழுகினால் அதுவும் ஆக்சிஜனைத் தின்னும். ஒன்றுமே இல்லையென்றால் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மற்ற மீன்களுக்கு வைத்த தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் போட்டிக்கு வந்துவிடும்.

மருந்து அடித்த வயலின் வரப்புப் புல்லை மட்டும் போடாதீர்கள். ஒரு கட்டுப் புல்லே குளத்தைக் காலி செய்துவிடும்.