ஒரு மரப்பெட்டி, நாற்பது டாலர்

தேவகோட்டையில் எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கட்டிய வீட்டின் இரண்டாம் கட்டு மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது. ஓடு மாற்ற வேண்டும். இரண்டு உத்தரங்கள் உளுத்துவிட்டன. பணம் போடப் பங்காளிகள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். பங்குப்படி செலவைப் பிரித்து எழுத உட்கார்ந்தபோதுதான் ஒரு பங்கு இப்போது யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது.

அது என் சித்தப்பாவின் பங்கு. 1971-இல் மருத்துவராக அமெரிக்கா போனவர், 2009-இல் அங்கேயே காலமானார். பிள்ளைகள் இல்லை. சித்தி அந்த நாட்டுக்காரர். அவரும் ஐந்து வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தார்.

"அதை நமக்குள் பிரித்துக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்" என்றார் அண்ணன். எனக்கு மனம் ஒப்பவில்லை. முப்பத்தொரு வருடம் கூட்டுறவு வங்கியில் பேரேடு பார்த்தவள் நான். ஒரு கணக்கின் சொந்தக்காரர் யார் என்று தெரியாமல் அதை இன்னொரு கணக்கில் சேர்ப்பது எனக்குக் கை நடுங்கும் காரியம். உயில் ஒன்று இருந்திருந்தால் அது எங்காவது பதிவாகியிருக்கும், அதைக் கண்டுபிடித்தே தீர்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் நான் புரிந்துகொண்ட விஷயம், அங்கே இதற்கென்று நாடு முழுவதற்கும் ஒரே நீதிமன்றம் கிடையாது என்பது. உயிலை மெய்ப்பிப்பதும் (அதைத்தான் ப்ரொபேட் என்கிறார்கள்) வாரிசுகளுக்குச் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதும் மாநிலங்களின் வேலை. பெரும்பாலான மாநிலங்களில் அந்த வேலை கவுண்டி அளவில் நடக்கிறது. கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல வைத்துக்கொள்ளலாம். சித்தப்பா வாழ்ந்த ஒஹாயோவில் மட்டும் 88 கவுண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ப்ரொபேட் நீதிமன்றம். பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நியூயார்க்கில் அதே வேலையைச் செய்வது சரோகேட் நீதிமன்றம். பென்சில்வேனியாவில் உயில்களை ஏற்றுப் பதிவு செய்பவர் ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ் என்னும் அதிகாரி, வழக்கானால் அனாதைகள் நீதிமன்றம் என்று பொருள்படும் பழைய பெயர் கொண்ட ஒரு மன்றம். ப்ரொபேட் என்ற சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் சில மாநிலங்களில் வழி தவறும்.

நானும் தவறினேன். சித்தப்பா கிளீவ்லாண்டில் ஒரு மருத்துவமனையில் இறந்தார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிளீவ்லாண்ட் இருப்பது குயஹோகா கவுண்டியில். அந்த நீதிமன்றத்தின் இணையப் பதிவில் மூன்று இரவுகள் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் விளங்கியது: எங்கே இறந்தார் என்பது கணக்கில்லை, இறக்கும்போது எங்கே குடியிருந்தார் என்பதே கணக்கு. என் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அவர் எழுதிய கடைசிக் கடிதத்தின் உறையைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அனுப்புநர் முகவரி பக்கத்து லொரைன் கவுண்டியைச் சேர்ந்த ஊர்.

அங்கும் உடனே கிடைத்துவிடவில்லை. நம் பெயர்கள் கடல் தாண்டும்போது தலைகீழாகிவிடுகின்றன. இங்கே முதலெழுத்தாக ஒடுங்கியிருந்த தகப்பனார் பெயர் அங்கே குடும்பப் பெயராகிக் கடைசியில் போய் நிற்கிறது. எங்கள் ஐயாவின் பெயரில் ஒரு 'ழ' உண்டு. அதை ஒருவர் 'எல்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'இசட்', 'எச்' சேர்த்து எழுதுவார். இரட்டிக்கும் எழுத்துகளை ஒற்றையாகவும் போடுவார்கள். ஒரு தாளில் எல்லா விதத்தையும் வரிசையாக எழுதி வைத்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். ஏழாவதில் கிடைத்தது: வருடம், வழக்கு எண், எதிரே சித்தப்பாவின் பெயர். இரவு பதினொன்றரை மணிக்கு அந்த வரியைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

வழக்கு எண் கையில் இருந்தால் மீதி எளிது. நீதிமன்ற எழுத்தருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை, ஆனால் கோப்பில் என்னென்ன தாள்கள் இருக்கின்றன, நகலுக்கு என்ன கட்டணம் என்று பொறுமையாகப் பதில் எழுதினார்கள். நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உயில் அங்கே பொது ஆவணம். நான் யார், என்ன உறவு என்று ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது நூறு வருடங்களுக்கு முன் இறந்த அமெரிக்க உறவினரைத் தேடுவதானால், ஃபேமிலி சர்ச் என்னும் வம்சாவளி தேடும் இணையதளத்தில் பல மாநிலங்களின் பழைய ப்ரொபேட் ஏடுகளைப் படமாகவே இலவசமாகப் பார்க்கலாம். எனக்கு வேண்டியது அண்மைக்காலத்தது என்பதால் நேரடியாக நீதிமன்றத்தையே கேட்க வேண்டியிருந்தது.

நாற்பத்து மூன்று பக்கங்கள் வந்தன. முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் முறை படிக்கும்போது இது எனக்குத் தெரிந்த பொருள்தானே என்று தோன்றியது. ஐயா ரங்கூன் கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் முகவருக்கு உதவியாளராக, இருந்தபோது எழுதிய ஐந்தொகைகளை (வரவு செலவு இருப்புக் கணக்குகளை) வீட்டு வளவில் உட்கார்ந்து நான் சிறுமியாகப் படித்திருக்கிறேன். வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, மிச்சம். ப்ரொபேட் கோப்பு ஒரு மனிதரின் கடைசி ஐந்தொகை. உயில் முதலில். அதை நிறைவேற்றும் பொறுப்பாளருக்கு நீதிமன்றம் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் அடுத்து. அவர் பொறுப்பேற்ற மூன்று மாதத்துக்குள் தர வேண்டிய சொத்துப் பட்டியல், மதிப்புடன். கடன் கொடுத்தவர்கள், கடன் வாங்கியவர் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்பது ஒஹாயோ சட்டம், அப்படிக் கேட்டவர்களின் கோரிக்கைகள். கடைசியில் வரவு செலவு, பெற்றுக்கொண்டவர்களின் கையெழுத்து.

பட்டியலைப் பார்த்து ஒருவரின் மொத்தச் செல்வமும் இவ்வளவுதான் என்று எண்ணிவிடக் கூடாது. கணவன் மனைவி சேர்ந்து வைத்த வங்கிக் கணக்கில் பிழைத்திருப்பவருக்கே உரிமை என்று எழுதியிருந்தால் அது இதில் வராது. பெறுபவர் பெயர் குறித்த ஆயுள் காப்பீடும் ஓய்வூதியச் சேமிப்பும் நீதிமன்றத்தின் பக்கமே வராமல் கைமாறிவிடும். எங்கள் தேவகோட்டை வீடும் பட்டியலில் இல்லை. கலங்கிப் போனேன். பிறகு தெரிந்தது, ஒஹாயோவில் உள்ள வீடு நிலத்தைத்தான் அந்த மாநிலத்துப் பட்டியலில் எழுத வேண்டும். இந்திய மண்ணில் இருப்பதை அந்த நீதிமன்றம் தொட முடியாது.

உயிலில் ஆனால் இருந்தது. நான்காவது பத்தி. இந்தியாவில் தன் தகப்பனார் கட்டிய வீட்டில் தனக்குள்ள பங்கு தன் அக்காவுக்கு, மற்றவை யாவும் மனைவிக்கு. அந்த அக்கா என் அயித்தை. எண்பத்து நான்கு வயதில் காரைக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். பதினான்கு வருடங்களாக அவருக்கு இது தெரியாது.

ஏன் தெரியாது என்பதற்கும் கோப்பில் விடை இருந்தது. உயில் ஏற்கப்பட்டதை அறிவித்து நீதிமன்றத்தின் நோட்டீஸ் அயித்தையின் பெயருக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது, எங்கள் தேவகோட்டை வீட்டு முகவரிக்கு. சித்தப்பாவுக்குத் தெரிந்த முகவரி அதுதான். அந்த வருடம் வீடு பூட்டிக் கிடந்தது, காவலுக்கு இருந்தவரும் பொங்கலோடு ஊருக்குப் போய்விட்டார். திரும்பிய உறையின் நகல் முப்பத்தெட்டாம் பக்கம். எங்கள் தெருவின் பெயர், அதன் மேல் சாய்வாக ஒரு முத்திரை. அந்தப் பக்கத்தை நான் இன்னும் பலமுறை எடுத்துப் பார்க்கிறேன். யார் மேலும் குறையில்லை. முகப்புக் கதவைத் திறக்க ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இனி நடக்க வேண்டியதைச் சிவகங்கை வழக்கறிஞரிடம் கேட்டு வந்தேன். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 228-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டு நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உயிலின் சான்றிட்ட நகலை இணைத்து இங்குள்ள நீதிமன்றத்தில் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் தரும் நிர்வாகப் பத்திரம் கேட்கலாம். நகலில் கவுண்டி நீதிமன்ற முத்திரையும், அதன் மேல் ஒஹாயோ மாநிலச் செயலர் அலுவலகத்தின் அப்போஸ்டில் சான்றும் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்கும் சான்று) வேண்டும். 2005 முதல் இந்தியாவும் அந்தச் சான்றுக்கான ஹேக் உடன்படிக்கையில் இருப்பதால் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. சாதாரண நகல் படிக்க மட்டுமே உதவும், முதலிலேயே சான்றிட்டதாகக் கேட்டு வாங்குங்கள்.

கடல் கடந்த நீதிமன்றம் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. 1938-இல் காலமான அருணாசலம் செட்டியாரின் இலங்கைச் சொத்துக்கு அந்த அரசு மரண வரி கேட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1957-இல்தான் முடிந்தது. அது கூட்டுக் குடும்பச் சொத்தா, தனி ஒருவர் சொத்தா என்பதே கேள்வி. குடும்பச் சொத்துதான், வரி இல்லை என்று தீர்ப்பானது. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த வீடுகளில் இப்படிப்பட்ட தாள்கள் இன்னும் பரணில் கிடக்கும். கரையான் அரிப்பதற்குள் எடுத்துப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி போய் அயித்தைக்கு நான்காவது பத்தியைத் தமிழில் சொன்னேன். இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். சற்று நேரம் கழித்து, "அப்படியென்றால் ஓட்டுக்கு நானும் என் பங்குக்குப் பணம் தர வேண்டும் ஆத்தா, எவ்வளவு என்று சொல்" என்றார்.

பிறகு சொத்துப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். கார், புத்தகங்கள், சாப்பாட்டு மேசை. பதினேழாவது வரி: இந்திய மரப்பெட்டி, சாய்வு மூடியுடன், பித்தளைப் பூண் போட்டது, நாற்பது டாலர். அயித்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐயா ரங்கூனில் கணக்கெழுதிய கைப்பெட்டி அது. "நீ கப்பலேறிப் போகவில்லை, விமானத்தில் போகிறாய், இதைத் தூக்கிக்கொண்டு போகாதே" என்று அவர்களுடைய ஆத்தா சொல்லியும் கேட்காமல் சித்தப்பா எடுத்துப் போனாராம்.

"அது இப்போது யாரிடம் இருக்கிறது?"

மற்றவை யாவும் மனைவிக்கு என்றால் பெட்டி சித்தியிடம் போயிருக்கும். சித்தி 2014-இல் இறந்தார். அவர் கடைசி வரை அதே ஊரில், அதே கவுண்டியில்தான் குடியிருந்தார். அவருடைய வழக்கு எண்ணை நேற்று இரவு கண்டுபிடித்துவிட்டேன். நகல் கேட்டு எழுதியிருக்கிறேன்.